பொம்மை வயிறு

சூசையம்மா தினமும் காலையில் ஒரு பொய் சொல்லுவாள். மாணவிகள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கல்லூத்துத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி, இலங்கை மலைநாட்டு ஹாலிஎலையிலிருந்து மேலே ஏறும் வண்டிப்பாதையின் திருப்பத்தில் இருந்தது. பெண்கள் வார்டு என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீண்ட அறை. சூசையம்மா மதுரையில் மிஷன் ஆஸ்பத்திரியில் படித்த நர்ஸ். வார்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும், சுற்றியுள்ள தோட்டங்களுக்குப் பிரசவம் பார்க்கப் பெண்களையும் பழக்கித் தரவேண்டும் என்று சொல்லித்தான் பெரிய துரை அவளை வரவழைத்திருந்தார். மாணவிகள் இருவர்: அங்கம்மா, இராக்கம்மா. இருவரும் கொழுந்து பறித்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியாது. பழகி முடிந்ததும் ஆளுக்கொரு தோட்டத்துக்குத் தனியாகப் போக வேண்டும். அங்கே பக்கத்தில் நின்று சொல்லித்தர யாரும் இருக்க மாட்டார்கள்.

அதற்காகத்தான் அந்தப் பொய்.

பிள்ளை பிறந்த பிறகு கர்ப்பப்பை சுருங்கிக் கெட்டியாக வேண்டும். அடிவயிற்றில் கை வைத்தால் உருண்டையாகத் தெரிய வேண்டும். தளர்ந்து கிடந்தால் ரத்தம் போகிறது, அல்லது போகப் போகிறது என்று அர்த்தம். சூசையம்மா தாயின் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பாள். கெட்டியாக இருக்கும். "தளர்ந்திருக்கு," என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வாள். "இப்ப நீங்க பாருங்க."

அங்கம்மா கை வைத்தாள். "ஆமாங்க நர்ஸம்மா."

இராக்கம்மா கை வைத்தாள். "ஆமாங்க."

"என்ன ஆமாங்க?"

"நீங்க சொன்னதுதாங்க," என்றாள் அங்கம்மா.

"நான் சொன்னது பொய். உன் கைக்கு என்ன தெரிஞ்சுது?"

அங்கம்மா தரையைப் பார்த்தாள். "கெட்டியாத்தாங்க இருந்துச்சு."

"அப்ப ஏன் ஆமான்னு சொன்ன?"

"நீங்க தளர்ந்திருக்குன்னு சொன்னீங்களே."

கட்டிலில் கிடந்த தாய் சிரித்தாள். "வயிறு என்னோடது. என்னையும் ஒரு வார்த்தை கேளுங்களேன்டி."

சூசையம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இவர்களுக்குக் கை மந்தமில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொழுந்தின் பதத்தை நகத்தால் அறிகிற விரல்கள் அவை. விரல் சரியாகத்தான் சொல்லிற்று. வாய்தான் அதைச் சொல்ல மறுத்தது.

தோட்டத்தில் 'இல்லை' என்ற சொல் கீழிருந்து மேலே போவதில்லை. விடிந்ததும் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பேர் போடும் பெரட்டில், "நேத்து நீ அரை நாள்தானே வேலை செஞ்ச?" என்று கணக்கப்பிள்ளை கேட்டால், இருட்டும்வரை கூடை சுமந்தவளும் "ஆமாங்க" என்பாள். இல்லை என்றவளுக்கு மறுநாள் செங்குத்தான மலைதான் கிடைக்கும். வேலைக்கு வந்த குழந்தைகள்கூட இதை முதலில் கற்றுக்கொண்டன. சூசையம்மா இந்த ஒன்றைக் கலைக்க வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் வாயைத் திறந்தவள் இராக்கம்மா. ஒரு தாயின் நெற்றியைத் தொட்டு, "காய்ச்சல் இல்லை," என்றாள் சூசையம்மா. இராக்கம்மா தொட்டாள். அவளுக்கே வேர்த்துவிட்டது.

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும். ஆனா இந்தப் புள்ள ஒடம்பு தோசைக்கல்லு மாதிரி சுடுதுங்க."

"ஆனாவுக்கு முன்னால இருக்கறத வெட்டு."

"சுடுதுங்க."

"அவ்வளவுதான். இதுக்கா இத்தனை வேர்வை?"

அதன் பிறகு அது ஒரு விளையாட்டுப் போலவே ஆகிவிட்டது. "இன்னிக்கு நர்ஸம்மாவுக்குப் பொய் சரியா வரல, மூஞ்சியே காட்டிக் குடுக்குது," என்பாள் அங்கம்மா. கட்டிலில் கிடக்கும் பெண்களும் பந்தயம் கட்டுவார்கள். வார்டில் சிரிப்புக் கேட்டது. வாசலில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பதுளையிலிருந்து டாக்டர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் பெரியவர் இராசையா. மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சர் அவர். தோட்டத்தில் எல்லோரும் டாக்டரய்யா என்றே கூப்பிட்டார்கள். பெண்கள் வார்டுக்குள் அவர் வருவதில்லை. கதவுநிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அங்கிருந்தே நோயாளிகளைப் பார்ப்பார்.

அது கொழுந்து மிகுந்த மாதம். பறிக்க ஆள் போதவில்லை. கட்டில்களைக் காலி செய்து, பெண்களைக் கூலிக்காரர் குடியிருக்கும் லயங்களுக்கு அனுப்பச் சொல்லித் துரை உத்தரவு போட்டிருந்தார்.

"மாடசாமி பொஞ்சாதிக்குக் காய்ச்சல் இல்ல," என்றார் இராசையா கதவிலிருந்து. "இன்னிக்கு லயத்துக்கு அனுப்பிரு. நாளைக்குப் பெரட்டுக்கு வரட்டும்."

சூசையம்மா வார்டின் மறுகோடியில் கத்தரிக்கோல்களைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தாள். மாடசாமியின் மனைவிக்குப் பக்கத்தில் நின்றவள் அங்கம்மா.

"இல்லைங்க ஐயா," என்றாள் அங்கம்மா.

"என்னது?"

"காய்ச்சல் இருக்குங்க. அடிவயித்தத் தொட்டா கத்துறா. படுற துணியெல்லாம் நாத்தம் அடிக்குதுங்க. அனுப்பக்கூடாதுங்க."

முன்னால் 'ஆனா' போடவில்லை. குரலும் நடுங்கவில்லை. பொய்யைப் பிடிக்கிற காலை நேரம் என்றே அவள் நினைத்துவிட்டாளோ என்னவோ. கடைசிக் கட்டிலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"கூடை தூக்குன கழுதை எனக்கு வைத்தியம் சொல்லுதா? நர்ஸம்மா! இதுதான் நீங்க சொல்லிக் குடுக்கிற படிப்பா?"

"ஆமா. இதேதான்," என்றாள் சூசையம்மா. "கிட்ட வந்து தொட்டுப் பாருங்க. அவ சொன்னது தப்புன்னா நானே அனுப்பிடறேன்."

இராசையா கிட்ட வரவில்லை. மாடசாமியின் மனைவி லயத்துக்குப் போகவில்லை. பிரசவக் காய்ச்சல் அவளை நெடுநாள் போட்டு உருட்டி, கடைசியில் விட்டது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் அந்தச் சிரிப்பைப் பற்றித்தான்.

சூசையம்மாவைத் துரையின் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். படிக்குக் கீழே நிற்பதுதான் அங்கே வழக்கம். அவள் இரண்டு படி ஏறி நின்றாள். இராசையா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏற்கெனவே கீழே நின்றிருந்தார்.

துரை தோட்டத்துத் தமிழில் பேசினார். எல்லோரையும் ஒருமையில் அழைக்கிற தமிழ் அது.

"நீ நல்ல நர்ஸ். நல்ல டீச்சர். ஆனா ரெண்டும் ஒரே நேரம் சரிவராது. ஆஸ்பத்திரியில சத்தம் இருக்கு, மரியாதை இல்லை. இனி வார்டு இராசையா பாக்கும். நீ பழைய உரக் காம்பராவுல படிப்பு குடு."

"ஆமாங்க தொரை," என்றார் இராசையா.

"நோயாளி இல்லாம எதைத் தொட்டுக் காட்டிப் படிப்பு குடுக்கிறது?"

"துரைசானி பொம்மை தைச்சுக் குடுக்கும்."

"ஆமாங்க தொரை," என்றார் இராசையா மறுபடியும்.

சூசையம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனிதர் மேல் பரிதாபம் வரவேண்டும் என்று நினைத்தாள். வரவில்லை.

"உங்க குதிரைக்காரன் மரக்குதிரையில பழகினவனா தொரை?"

துரையின் கழுத்து சிவந்தது. "குதிரை வேற."

"ஆமா. குதிரைக்கு நீங்க விலை குடுத்திருக்கீங்க."

படிகளை அவள் ஓட்டமாக இறங்கினாள். அது பயம் இல்லை, கோபம். பயமாக இருந்திருந்தால் ஊருக்குப் போய்விட்டிருப்பாள்.

உரக் காம்பரா என்ற கிடங்கு அறையிலிருந்து மூட்டைகளை எடுத்துவிட்டார்கள். எலும்புத்தூள் நாற்றத்தை எடுக்க முடியவில்லை. துரைசானி அனுப்பிய பொம்மைக்குத் தலை கிடையாது. மார்பிலிருந்து முழங்கால்வரை உள்ள ஒரு துணிப்பெண். உள்ளே வைத்து எடுக்க ஒரு குழந்தை, அதற்கு நாடாவால் ஒரு கொடி. தையல் நன்றாகவே இருந்தது. வயிற்றில் இலவம்பஞ்சை நன்றாக அடைத்திருந்ததால் அது எப்போதும் கெட்டியாகவே இருந்தது.

சூசையம்மா முயன்று பார்த்தாள். "தளர்ந்திருக்கு," என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அங்கம்மா தொட்டாள். "ஆமாங்க."

"கெட்டியா இருக்கு."

"ஆமாங்க."

வேறென்ன சொல்வார்கள்? ஒரு பஞ்சு வயிற்றின் நிலைமையை ஆசிரியைதான் சொல்லியாக வேண்டும். மாணவியின் கைக்குத் தெரிவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆகவே மறுப்பதற்கும் ஒன்றும் இல்லை. வார்டில் மாதக்கணக்கில் கலைத்ததை, இந்தப் பொம்மை சில நாளில் திரும்பக் கொண்டுவந்து வைத்தது. துரை தெரிந்துதான் இதைச் செய்தாரா என்று சூசையம்மா யோசித்தாள். தெரியாமல் செய்திருந்தால் அது இன்னும் மோசம் என்று தோன்றியது.

"இவளுக்குப் பேறுகாலம் ஆகி ஒரு மாசமாச்சு," என்றாள் அங்கம்மா, பொம்மையைத் தட்டி. "ஒரு வாய் காய மருந்து கேக்கல, புருஷனைத் திட்டல. ரொம்ப நல்ல பொம்பள."

உரக் காம்பராவுக்கும் வார்டுக்கும் நடுவே மழைநீர் வடியும் ஒரு கான்தான் ஓடியது. வார்டில் பேசுவது இங்கே கேட்கும். ஒருநாள் காலையில் கீழ்மலையிலிருந்து மூக்காயி என்ற பெண்ணை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூவரும் பொம்மைக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தபோது மூக்காயியின் சத்தம் கேட்டது. பிறகு குழந்தையின் சத்தம். பிறகு மூக்காயி பேசுவது கேட்டது. கண் இருட்டுகிறது என்றாள். தண்ணீர் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

சூசையம்மா நாடாவைப் போட்டுவிட்டுக் கானைத் தாண்டினாள். இராசையா வாசலில் நின்றார்.

"புள்ள பொறந்தாச்சு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. நீங்க போய் பொம்மையப் பாருங்க."

"வயித்துல கை வச்சுப் பாத்தது யாரு?"

"கெட்டியாத்தான் இருக்கு."

"கை வச்சது யாருன்னு கேக்கறேன்."

அவர் கதவுநிலையில் கையை ஊன்றி வழியை மறித்தார். உள்ளே மூக்காயியைத் தூக்கி வந்த கிழவனும் கூட்டுகிற பெண்ணும்தான் இருந்தார்கள். கட்டிலுக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. சூசையம்மா அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வயிறு பிசைந்த மாவு போலக் கிடந்தது. அவள் தேய்த்தாள், முஷ்டியால் அழுத்தினாள், கூட்டுகிற பெண்ணைக் காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். கொஞ்சம் முன்னால் செய்திருந்தால் போதும். இப்போது போக வேண்டிய ரத்தமெல்லாம் போய்விட்டிருந்தது. அவள் கைக்குக் கீழேயே மூக்காயி இறந்தாள்.

கானுக்கு அந்தப் பக்கம் அங்கம்மாவும் இராக்கம்மாவும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழகிய நான்கு கைகள். கூப்பிடு தூரத்தில் இருந்தன. அவை பஞ்சைத் தடவிக்கொண்டிருந்தன.

மூக்காயிக்கு உடம்பில் பலமில்லை என்று துரையிடம் சொல்லப்பட்டது. உத்தரவை மீறி வார்டுக்குள் போனதற்குச் சூசையம்மாவுக்கு எச்சரிக்கை வந்தது.

பரீட்சைக்குத் தோட்டத் துரைமார் ஏற்பாடு செய்திருந்த வெள்ளைக்கார டாக்டர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கேள்விகளை இராசையா மொழிபெயர்த்தார். பெரிய துரை ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேசையின்மேல் பொம்மை. சூசையம்மாவைப் பின்னால் சுவரோரம் நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

கையை எப்படிக் கழுவ வேண்டும், கார்பாலிக் தண்ணீர் எவ்வளவு, கொடியை எங்கே கட்டி எங்கே வெட்ட வேண்டும் என்பதையெல்லாம் இருவரும் ஒப்பித்தார்கள். பொம்மைக் குழந்தையை வெளியே எடுத்துக் காட்டினார்கள். டாக்டருக்குச் சந்தோஷம். சான்றிதழில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். கடைசியாக ஒன்று கேட்டார்: தூரத் தோட்டத்தில் தனியாக இருக்கும்போது, பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ரத்தம் நிற்காமல் போனால், சமாளிக்கத் தெரியுமா?

இராசையா தமிழில் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையையும் ஆட்டிக் காட்டினார்.

"தெரியாதுங்க," என்றாள் அங்கம்மா.

இராசையா டாக்டரைப் பார்த்துத் திரும்பினார். "தெரியும் என்கிறாள்," என்றார் ஆங்கிலத்தில்.

"அவள் அப்படிச் சொல்லவில்லை," என்றாள் சூசையம்மா, அதே ஆங்கிலத்தில். "தெரியாது என்றாள்."

டாக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே நிமிர்ந்தார். துரை நாற்காலியில் அசைந்தார். அங்கம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தன் வார்த்தைக்கு என்ன நடந்தது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் இராசையாவை விட்டுவிட்டு நேரே டாக்டரிடம், தமிழிலேயே, சத்தமாகப் பேசினாள்.

"பொம்மைக்கு ரத்தம் வராதுங்க. மூக்காயிக்கு வந்துச்சு. நாங்க அந்தப் பக்கம் நின்னோம், எங்கள உள்ள விடல. ரத்தம் போற வயித்த நான் இதுவரைக்கும் தொட்டதே இல்லைங்க. தொடாததத் தெரியும்னு சொல்லச் சொல்றாங்க. நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பினா, அங்க எவளோ ஒருத்தி சாவா. எனக்குத் தெரியாதுங்க."

சூசையம்மா ஒரு சொல் விடாமல் அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

டாக்டர் துரையைப் பார்த்தார். துரை, அந்தப் பெண் ஏற்கெனவே பலவீனமானவள் என்றார். டாக்டர் இராக்கம்மாவைப் பார்த்து விரலை நீட்டினார். இராக்கம்மாவுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டியிருந்தது. மலையேறிக் கூடை சுமக்காமல் இருக்க அவளுக்கு வேறு வழி கிடையாது. அவள் துரையின் சப்பாத்துக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் தெரியாதுங்க," என்றாள்.

"அப்படியானால் நீ சொல்லிக்கொடுத்தது என்ன?" என்று டாக்டர் சூசையம்மாவைக் கேட்டார்.

"நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் இப்போது கேட்டீர்கள். மிச்சத்துக்கு வார்டு வேண்டும். அதை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள்."

டாக்டர் பேனாவை மூடினார். இருவரும் தேறவில்லை என்றார். ஆசிரியை மாணவிகளுக்கு ஒழுங்கு கற்பிக்கவில்லை என்றும் சொன்னார். பங்களாவில் மத்தியானச் சாப்பாடு காத்திருந்தது, போய்விட்டார்.

இராசையா மட்டும் பின்தங்கினார். "சும்மா ஆமான்னு ஒரு வார்த்தை! மருத்துவச்சின்னு ஆகியிருக்கலாம், கூடை இல்ல, மழை இல்ல. இப்பப் போய் தூக்குங்க."

"கூடை எங்களுக்குப் பழக்கம் ஐயா," என்றாள் அங்கம்மா. "பொய்தான் கனக்குது."

மாதக் கடைசியோடு சூசையம்மா போய்விட வேண்டும் என்று உத்தரவு வந்தது. உரக் காம்பராவைப் பூட்டினார்கள். அவள் பெட்டியைக் கட்டவில்லை. துரைக்குச் சொல்ல வேண்டிய பதில்களை யோசித்து யோசித்து அறைக்குள் நடந்துகொண்டிருந்தாள். எல்லாம் நல்ல பதில்கள். கேட்கத்தான் யாரும் இல்லை.

ஒருநாள் விடியற் கருக்கலில் இராக்கம்மா வந்து கதவைத் தட்டினாள்.

"நாத்தனாளுக்கு வலி கண்டிருச்சுங்க. ஆஸ்பத்திரிக்கு மாட்டேங்கறா, மூக்காயி போன எடத்துக்குப் போகமாட்டாளாம். நீங்க வாங்க. அங்கம்மா தண்ணி கொதிக்க வச்சிருக்கா."

சூசையம்மா செருப்பைப் போட மறந்து நடந்தாள். போகப் போகத்தான் அவளுக்கு அந்தக் கோபம் வந்தது, இந்த முறை தன் மேல். தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் லயத்தில்தான் பிறக்கின்றன. வார்டைப் பிடுங்கிய அன்றைக்கே அவள் இங்கே வந்திருக்கலாம். துரை காட்டிய அறையில் உட்கார்ந்து, துரை கொடுத்த பொம்மையை இத்தனை நாள் புரட்டிக்கொண்டிருந்தாளே. அதுவும் ஒரு 'ஆமாங்க'தானே! லயமும் துரையுடையதுதான். ஆனால் லயத்து வாசலில் இராசையா நிற்பதில்லை. டாக்டரய்யாவுக்கு அந்த வாடை ஆகாது.

லயத்துக் காம்பராவுக்குள் நாலு பேர் நிற்க இடமில்லை. சாக்குப் படுதாவைத் தாண்டிப் புகை வந்தது. அங்கம்மா ஏற்கெனவே முழங்கைவரை கழுவியிருந்தாள். அவள்தான் பிள்ளையை வாங்கினாள். பெண் குழந்தை. இராக்கம்மா கொடியைக் கட்டி வெட்டினாள். நச்சுக்கொடியும் முழுதாக விழுந்தது. வெளியே பெரட்டுக்குத் தப்படிக்கும் சத்தம் கேட்டது. இருவரும் தலையைத் தூக்கவில்லை.

சூசையம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டாள். இந்த முறை அவள் முதலில் தொடவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை.

அங்கம்மா வயிற்றில் கை வைத்தாள். முகம் மாறியது. "கையில நிக்கலைங்க. நழுவுது. துணியும் நனையுது."

"என்ன செய்யப்போற?"

அங்கம்மா அடிவயிற்றை அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள். இராக்கம்மா குழந்தையைத் தாயின் மாரில் போட்டுவிட்டு வந்து, ரத்தம் எவ்வளவு என்று துணியைப் பார்த்தாள். "இன்னும் போகுது. இன்னும் அழுத்து," என்றாள். பிறகு, "குறையுதுக்கா. விட்டுறாத."

"அங்கம்மா! இராக்கம்மா!" வெளியே ரெங்கசாமிக் கங்காணியின் குரல். "பெரட்டு கலையப் போகுது. எங்கடி தொலைஞ்சீங்க?"

"கைய எடுக்காத," என்றாள் சூசையம்மா.

படுதா அசைந்தது. "உள்ள வராதீங்க மாமா, பேறுகாலம்!" என்று கத்தினாள் இராக்கம்மா.

"வரலம்மா, வரல. ரெண்டு பேருக்கும் இன்னிக்குப் பேர் இல்ல, கூலியும் இல்ல, சொல்லிட்டேன். தொரை கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"படிச்சுக்கிட்டு இருக்கோம்னு சொல்லுங்க."

அங்கம்மாவின் கைக்குள் வயிறு உருண்டு கெட்டியாகிவந்தது. வெளியே கங்காணியின் கம்பு கல்லில் தட்டும் சத்தம் தூரப் போயிற்று. அவர் அப்படியே போய்ச் சொல்லுவார் என்பது மூவருக்கும் தெரியும். சூசையம்மா பக்கத்துக் காம்பராப் பெண்ணைக் கூப்பிட்டு, இந்த லயத்தில் வேறு யார் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று விசாரித்தாள். மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது.